உண்ணாமை நோயும் அதனை அளக்கும் கோலும்

வீட்டிலே உணவிருக்க, அன்புடன் பரிமாறுவாரும் இருக்க, ஒருவர் உண்ண மறுத்து மெலிவதுண்டு. வேறொருவர் அளவிறந்து உண்டபின் தாமே வாந்தியெடுப்பதுமுண்டு. இவை பிடிவாதமல்ல, உள்ளத்தையும் உடலையும் ஒருங்கே பற்றி, உயிரையும் கவரவல்ல நோய்கள். மருத்துவர் இவற்றை உண்ணற் கோளாறுகள் என்பர். இவற்றைக் கண்டறிவதில் நேரும் தவறொன்றை ஆசிரியரும் மாணாக்கரும் அறிந்திருத்தல் நன்று.

1689 இல் ஆங்கில மருத்துவர் றிச்சட் மோட்டன் இத்தகைய மெலிவை விவரித்தபோது, ஓர் இளம்பெண்ணையும் 16 வயதுச் சிறுவனொருவனையும் குறித்தார். ஆயினும் பின்வந்தோர் பெரும்பாலும் மேனாட்டு இளம்பெண்களையே நோக்கினர். அளவுகோலும் அவர்களுக்கேற்பவே அமைந்தது.

1979 இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் 40 கூற்றுக்கள் கொண்ட சோதனைத்தாள் ஒன்று வெளிவந்தது. இறைச்சி உண்பதில் விருப்புண்டா என்பது அவற்றுள் ஒன்று. இல்லையென்பார்க்கு நோயின் பக்கம் புள்ளி சேரும். பரம்பரையாகச் சைவ உணவு கொள்வோர் யாது விடை எழுதுவர்? மாதவிடாய் ஒழுங்காக வருகின்றதா என்பது இன்னொன்று. ஆண்பிள்ளை யாது எழுதுவான்? 1982 இல் அத்தாள் 26 கூற்றுக்களாகச் சுருங்கியபோது இவ்விரண்டும் நீங்கின. எனினும், பெண்ணுக்கு மாதவிடாய் நின்றிருத்தல் வேண்டும் என்னும் விதி அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைந்நூலில் 2013 வரை நிலைத்திருந்தது.

பருத்துவிடுவோம் என்ற அச்சமே இந்நோயின் அடையாளம் என்பதும் நெடுநாட் கொள்கை. 1990களில் ஹொங்கொங் மருத்துவர் சிங் லீ கண்ட நோயாளர் பலர் அவ்வச்சத்தைக் கூறவில்லை. வயிறு ஊதுகின்றது, பசியில்லை என்றே கூறினர். அச்சத்தை மட்டும் தேடும் கண்ணுக்கு இவர்கள் தப்பிவிடுவர். பருத்த உடலினர் பட்டினியால் விரைந்து மெலியினும், உலகம் அவரைப் பாராட்டுமேயன்றி ஐயுறாது.

இத்தவற்றை நானும் செய்தேன். பல்லாண்டுகளுக்கு முன் நான் கற்பித்த பாடசாலையொன்றில், விடுதி மாணவன் ஒருவன் கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் காத்தான். வகுப்பில் எல்லோர் முன்னும் அவனைப் புகழ்ந்தேன். பாறணை கழிந்த பின்னரும் அவன் தட்டு நிறையவில்லை. ஓட்டப் பயிற்சியோ மிகுந்தது. பத்தியென்றும் விளையாட்டார்வமென்றும் எண்ணினோம். படிக்கட்டில் மயங்கி விழுந்த பின்பே வைத்தியரிடம் கொண்டு சென்றோம். ஆண்பிள்ளைக்கும் இந்நோய் வருமென்ற நினைவே எமக்கிருக்கவில்லை. அவன் தேறினான், என் புகழ்மொழியை நான் மறந்திலேன்.

விரதத்திற்கு முடிவுநாள் உண்டு; முடிந்தபின் மகிழ்ந்து உண்பர். நோய்க்கு முடிவுநாள் இல்லை. அது ஒளிக்கும், சாட்டுச் சொல்லும், பந்தியை விட்டு விலகும். குளிர் தாங்காமை, தலைச்சுற்று, படிப்பில் மனம் பதியாமை என்பனவும் தோன்றலாம். வினாத்தாள் ஐயத்தை எழுப்பும் கருவி மட்டுமே. நிறை, நாடித்துடிப்பு, குருதி ஆகியவற்றைச் சோதித்து, நோயாளரின் வழக்கத்தையும் சமயத்தையும் கேட்டறிந்தே வைத்தியர் துணிவர்.

ஒரு வகுப்புக்கு எழுதிய வினாத்தாளால் இன்னொரு வகுப்பைச் சோதித்துப் புள்ளியிடுவது நீதியன்று என்பதை ஆசிரியர் நாம் அறிவோம். நோயறியும் துறைக்கும் அந்நீதி பொருந்தும். மெலியும் பிள்ளை யாராயினும், புகழுமுன் ஒருமுறை அருகிருத்திக் கேட்போமாக.