காசிப் படித்துறைகளும் கையடக்கக் காமிராவும்

காசி யாத்திரை சென்று திரும்பும் அன்பர்கள் நூற்றுக்கணக்கில் படம் எடுத்து வருகிறார்கள். பலவற்றில் படித்துறை இருண்டும், வானம் வெளுத்தும், நதி சாய்ந்தும் இருக்கும். குறை பெரும்பாலும் காமிராவில் இல்லை. விலை உயர்ந்த காமிராவை அதே நேரத்தில் அதே இடத்தில் பிடித்தாலும் படம் அப்படித்தான் வரும். சட்டைப் பையில் அடங்கும் சிறு டிஜிட்டல் காமிராவே போதும். முதலில் ஊரின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

திசை

கங்கை காசியில் வடக்கு நோக்கி ஓடுகிறது. பழைய ஊர் மேற்குக் கரையில் இருப்பதால், அஸி முதல் ராஜ்காட் வரை உள்ள 84 படித்துறைகளும் கிழக்கே பார்த்தவை. எதிர்க்கரை மணல்வெளி, வெயிலை மறைக்க அங்கே எதுவும் இல்லை. ஆகவே சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரம்தான் நமக்கு உகந்த நேரம். மாலையில் சூரியன் மாளிகைகளுக்குப் பின்னால் போய்விடும். முகப்புகள் நிழலில் நிற்கும்.

கிழக்கு நோக்கி ஓடும் வண்டியில் காலை வெயில் கண்ணில் அடித்தால் சிக்னலைப் பார்ப்பது எவ்வளவு சிரமம் என்பதை ரயில்வேக்காரர்கள் அறிவார்கள். காமிராவின் கண்ணும் அப்படியே. படகில் ஏறி, சூரியனை முதுகுப்பக்கம் வைத்துக்கொண்டு கரையைப் பாருங்கள். வெயில் பக்கவாட்டில் அடித்தால் இடது கையால் லென்சுக்கு நிழல் கொடுங்கள். விரல் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பருவம்

மழைக்காலத்தில் கீழ்ப் படிகள் நீரில் மூழ்கிவிடும். வெள்ளம் மிகுந்தால் படகு விடமாட்டார்கள். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனி அதிகம். நவம்பரும் பிப்ரவரியும் ஏற்றவை.

காமிராவை அமைக்கும் முறை

1. ஃப்ளாஷை நிறுத்திவிடுங்கள். அதன் ஒளி சில மீட்டருக்கு மேல் எட்டாது.

2. ஆப்டிகல் ஜூம் மட்டும் போதும். டிஜிட்டல் ஜூம் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதே தவிர, புதிய விவரம் எதையும் தராது.

3. வெளிச்சம் இருக்கும்போது ஐ.எஸ்.ஓ. 100 அல்லது 200 வையுங்கள். சிறு காமிராவின் சென்சார் மிகச் சிறியது; எண்ணை உயர்த்தினால் படத்தில் புள்ளிகள் தோன்றும்.

4. படகு ஆடும். ஷட்டர் வேகம் நொடியில் 1/250 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். முழங்கைகளை உடம்போடு ஒட்டி, பொத்தானை முதலில் பாதி அழுத்தி, ஃபோகஸ் நின்ற பிறகு முழுவதும் அழுத்துங்கள்.

5. வெண்ணிற வானம் படத்தில் நிறைந்திருந்தால் காமிரா ஏமாந்து படித்துறையை இருட்டாக்கும். எக்ஸ்போஷரை +0.7 அளவுக்குக் கூட்டுங்கள். தசாசுவமேதத்தில் மாலை ஆரத்தி எடுக்கும்போது இதற்கு நேர்மாறாகக் குறையுங்கள்; இல்லையென்றால் தீபச்சுடர் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும்.

மட்டம்

மணிகர்ணிகை அருகே ரத்னேஸ்வர் மகாதேவர் கோயில் உண்மையிலேயே சாய்ந்து நிற்கிறது. அதை நிமிர்த்துவதாக எண்ணிக் காமிராவைச் சாய்த்தால் கங்கை சரிந்துவிடும்! திரையில் கட்டக்கோடுகளை வரவழைத்து, நீரின் விளிம்பை அவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சாய்வு கோயிலோடு இருக்கட்டும்.

ரயிலிலிருந்து

1887-ல் திறக்கப்பட்ட மாளவியா பாலத்தில் கீழே ரயிலும் மேலே சாலையும் செல்கின்றன. முகல்சராய் (2018 முதல் தீனதயாள் உபாத்யாயா சந்திப்பு) பக்கமிருந்து வரும் வண்டியில் இடப்புற ஜன்னல் வழியே, பிறை போல் வளைந்த படித்துறை வரிசை முழுவதும் தெரியும். ஜன்னலுக்குள்ளிருந்தே எடுங்கள், கதவருகே நின்று எடுக்க வேண்டாம்.

எடுக்கக் கூடாதவை

மணிகர்ணிகையிலும் அரிச்சந்திர கட்டத்திலும் இரவு பகலாகச் சிதை எரிகிறது. அங்கே காமிராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள். ஜூம் இருக்கிறதே, தூரத்துப் படகிலிருந்து எடுத்தால் யாருக்குத் தெரியும் என்று சிலர் நினைக்கலாம். அங்கே நிற்பவர் அன்றுதான் தாயையோ தகப்பனையோ பறிகொடுத்தவர். அவருக்குத் தெரியாமல் எடுத்தாலும் தவறு தவறுதான். நீராடும் பெண்களையும், பிண்டம் வைப்பவர்களையும் எடுப்பதும் அவ்வாறே.

ஊர் திரும்பியதும் நல்ல படங்களில் 20-ஐத் தேர்ந்து பெரிய அளவில் அச்சிட்டு, ஒவ்வொன்றின் பின்னும் படித்துறையின் பெயரையும் தேதியையும் எழுதிவையுங்கள். காசிக்குப் போக ஆசையிருந்தும் உடல் இடம் கொடுக்காத பெரியவர்கள் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் கொடுத்து, ஒவ்வொரு துறையாகச் சொல்லிக் காட்டுங்கள்.