பிரிந்த பிறகு வீடு: கொடைக்கானல் பெண்களுக்குச் சில குறிப்புகள்

கணவரைப் பிரிந்து வாடகைக்கு இருக்கிறீர்கள். பழைய வீட்டின் பத்திரத்தில் உங்கள் பெயரும் இருக்கிறது. அப்படியானால்:

1. வில்லங்கச் சான்று எடுங்கள். பதிவான அடமானம், விற்பனை எல்லாம் அதில் தெரிந்துவிடும். பதிவுத்துறை இணையதளத்திலேயே கிடைக்கும், மலை இறங்க வேண்டாம்.

2. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்துக்கு மனு போட்டால் வீட்டுப் பங்கை மறைக்காதீர்கள். பயனாளி குடும்பத்தில் யார் பெயரிலும் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது என்பது அதன் விதி.

3. உங்களுக்கு வலுவான வழி, 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். அடிப்பது மட்டுமல்ல, செலவுக்குப் பணம் தராமல் தவிக்கவிடுவதும் இதில் வன்முறைதான். அதே வீட்டில் குடியிருக்கவோ, மாற்று வீடு அல்லது வாடகை கேட்டோ நீதித்துறை நடுவரிடம் மனு செய்யுங்கள். வக்கீல் செலவுக்கு அஞ்ச வேண்டாம், 15100-ஐ அழையுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

4. கணவரால் கைவிடப்பட்டவர் என்ற சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். பல உதவிகளுக்கு இதைக் கேட்பார்கள்.

5. ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்று விடுதலைப் பத்திரத்தை நீட்டினால் போடாதீர்கள். பதிவானால் பங்கு போயிற்று.

6. ஆவணங்களை பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். நம்மூர் ஈரத்துக்கு முத்திரைத்தாளும் ஒன்றுதான், முறுக்கும் ஒன்றுதான்!