ஒளிரும் எதிர்ப்பொருள் சோதனை: விலங்கு நோயின் சரியான பெயரைக் கண்டறியும் முறை

தோட்டத்தில் ஒரு நாய் காரணமில்லாமல் இருவரைக் கடிக்கிறது. வாயில் எச்சில் வழிகிறது, கால்கள் தள்ளாடுகின்றன. இரண்டு நாளில் அது இறந்துவிடுகிறது. பலரும் உடனே குழி தோண்டிப் புதைத்துவிடுவார்கள். அதோடு அந்த நாய்க்கு என்ன நோய் இருந்தது என்பதற்கான ஆதாரமும் புதைந்துவிடுகிறது. கடிபட்ட இருவருக்கும் மிகவும் தேவையான தகவல் அதுதான்.

அந்தத் தகவலைச் சில மணி நேரத்தில் தரக்கூடிய ஆய்வுக்கூடச் சோதனை ஒன்று உண்டு. அதன் பெயர் ஒளிரும் எதிர்ப்பொருள் சோதனை. அது எவ்வாறு செயல்படுகிறது, அதற்கு நீங்கள் எவ்வாறு உதவலாம் என்பதை இங்கே தெரிந்துகொள்ளுங்கள்.

இது என்ன சோதனை?

நோய்க்கிருமி உடலில் நுழைந்தால், அதை எதிர்க்க உடல் ஒரு பொருளை உண்டாக்குகிறது. அதுவே எதிர்ப்பொருள். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பதுபோல, ஒவ்வோர் எதிர்ப்பொருளும் தனக்குரிய கிருமியை மட்டுமே பற்றிக்கொள்ளும்.

1941ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் கூன்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயத்தை இணைத்துக் காட்டினார்கள். இச்சோதனையில் பயன்படும் சாயம் சாதாரண வெளிச்சத்தில் எளிதில் புலப்படாது. தனிவகை நுண்ணோக்கியின் நீல ஒளியிலோ புற ஊதா ஒளியிலோ பளிச்சென்று பச்சையாக மின்னும். சாயம் ஏற்றிய எதிர்ப்பொருள் கிருமியைப் பற்றிக்கொண்டால், கிருமி இருக்கும் இடமும் பச்சையாகத் தெரியும்.

வெறிநாய்க்கடி நோயைக் கண்டறிய இச்சோதனை 1958ஆம் ஆண்டு முதல் பயன்படுகிறது. அதற்கு முன்பு, மூளைச் செல்களுக்குள் தென்படும் ‘நெக்ரி’ புள்ளிகளைத் தேடுவார்கள். நோய் இருந்தும் அந்தப் புள்ளிகள் தென்படாமல் போவதுண்டு. புதிய முறை அந்தக் குறையைப் பெருமளவு நீக்கியது.

சோதனை எவ்வாறு செய்யப்படுகிறது?

1. இறந்த விலங்கின் மூளையிலிருந்து, முக்கியமாக மூளைத்தண்டு, சிறுமூளை ஆகிய பகுதிகளிலிருந்து சிறு துண்டு எடுக்கப்படும்.
2. அது கண்ணாடித் தகட்டில் ஒற்றியெடுக்கப்பட்டு, குளிர்ந்த அசிட்டோன் திரவத்தில் பதப்படுத்தப்படும்.
3. சாயம் ஏற்றிய எதிர்ப்பொருள் அதன்மேல் இடப்பட்டு, உடல் வெப்பமான 37 பாகை செல்சியசில் சுமார் அரைமணி நேரம் வைக்கப்படும்.
4. பின்னர் தகடு நன்கு கழுவப்படும். கிருமி இல்லையென்றால் எதிர்ப்பொருள் முழுதும் நீரோடு போய்விடும். கிருமி இருந்தால் அதைப் பற்றிக்கொண்டு தங்கிவிடும்.
5. நுண்ணோக்கியில் பச்சை ஒளி தெரிந்தால் நோய் உறுதியாகிறது.

மூளை கெடாமல் வந்து சேர்ந்தால், இச்சோதனை 100இல் 95 முதல் 99 வரை சரியான முடிவைத் தரும். அழுகிய மூளையில் ஒளி தெரியாவிட்டால் ‘நோய் இல்லை’ என்று சொல்ல முடியாது.

நோயின் பெயர் ஏன் முக்கியம்?

இதற்கான பாடம் நமது நெகிரி செம்பிலானிலேயே இருக்கிறது. சுவா பெத்தோங் தோட்டம் அமைந்துள்ள போர்ட்டிக்சன் மாவட்டத்தில்தான் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா ஆகிய இடங்களும் உள்ளன.

1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போவுக்கு அருகே பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களிடையே மூளைக்காய்ச்சல் தோன்றியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதப்பட்டது. கொசு மருந்து அடிக்கப்பட்டது, தடுப்பூசியும் போடப்பட்டது. ஆனாலும் நோய் நிற்கவில்லை. பன்றிகளை இடம் மாற்றியபோது நோய் நெகிரி செம்பிலானுக்கும் வந்தது.

சில அறிகுறிகள் பொருந்தாமல் இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்கும். இந்த நோயோ பன்றிகளை நேரடியாகக் கையாண்ட பெரியவர்களைத் தாக்கியது. தடுப்பூசி போட்டவர்களும் நோயுற்றார்கள். பன்றிகளும் உரக்க இருமி, வலிப்புற்று மடிந்தன.

1999 மார்ச் மாதத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் நோயாளிகளின் உடல் திரவத்திலிருந்து ஒரு வைரசைப் பிரித்தெடுத்தார். அது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அந்த வைரஸ் தொற்றிய செல்களின்மேல் ‘ஹெண்ட்ரா’ வைரசுக்கான எதிர்ப்பொருளை இட்டபோது, அவை ஒளிர்ந்தன. ஹெண்ட்ரா என்பது 1994இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளிடம் கண்டறியப்பட்ட வைரஸ். நெருங்கிய உறவுடைய கிருமியையும் எதிர்ப்பொருள் சில வேளைகளில் பற்றிக்கொள்ளும். மேலும் ஆராய்ந்தபோது, இது ஹெண்ட்ராவுக்கு உறவான புதிய வைரஸ் என்று தெரிந்தது. சுங்கை நிப்பாவைச் சேர்ந்த நோயாளியிடமிருந்து பெறப்பட்டதால் அதற்கு நிப்பா என்று பெயர் வைக்கப்பட்டது.

பெயர் தெரிந்ததும் தற்காப்பு முறையும் மாறியது. கொசுவை மட்டும் தேடிக்கொண்டிருந்த கவனம் பன்றிகள்மீது திரும்பியது. பன்றிகளை இடம் மாற்றுவது தடை செய்யப்பட்டது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. அதன் பிறகே நோய் அடங்கியது. அதற்குள் மலேசியாவில் 265 பேர் நோயுற்றார்கள், 105 பேர் உயிரிழந்தார்கள். பழந்தின்னி வௌவால்களிடம் இயற்கையாக உள்ள இவ்வைரஸ் பன்றிகள் வழியாக மனிதர்களை அடைந்தது என்பதும் பின்னர் உறுதியானது.

இச்சோதனை எதைச் சொல்லாது?

எந்த எதிர்ப்பொருள் இடப்படுகிறதோ, அதற்குரிய கிருமியைப் பற்றி மட்டுமே இச்சோதனை சொல்லும். ஒளி தெரியவில்லை என்றால் விலங்குக்கு வேறு நோயே இல்லை என்று பொருளல்ல. ஆகையால் விலங்கு எப்படி நோயுற்றது, எத்தனை விலங்குகள் பாதிக்கப்பட்டன, யாரைக் கடித்தது என்று நீங்கள் சொல்லும் விவரங்களைக் கொண்டே எந்தச் சோதனை தேவை என்பதை அதிகாரிகள் முடிவு செய்வார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

நாயோ பூனையோ கடித்தால் அல்லது பிறாண்டினால்:

• காயத்தை உடனே சோப்பு போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள்.
• அன்றைய தினமே அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்கோ மருத்துவமனைக்கோ செல்லுங்கள். சோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அறிகுறி தோன்றிய பின் வெறிநாய்க்கடி நோயிலிருந்து பிழைப்பது மிகமிக அரிது.
• கடித்த விலங்கு உயிரோடு இருந்தால் அடித்துக் கொல்லாதீர்கள். கால்நடைச் சேவைத் துறையிடம் தெரிவியுங்கள். அதை 10 நாள் கண்காணிப்பதும் ஒரு சோதனைதான்.

விலங்கு இறந்துவிட்டால்:

• வெறுங்கையால் தொடாதீர்கள். பிள்ளைகளையும் மற்ற விலங்குகளையும் அருகில் விடாதீர்கள்.
• தலையைச் சிதைக்காதீர்கள். சோதனைக்கு வேண்டியது மூளை. தலையை வெட்டி எடுக்கும் வேலை பயிற்சி பெற்ற அதிகாரிகளுடையது.
• உடனே தோட்ட நிர்வாகத்திடமும் மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்திடமும் சொல்லுங்கள். நமது வெயிலில் உடல் விரைவில் அழுகிவிடும். அதிகாரிகள் மாதிரியைப் பனிக்கட்டியில் குளிர வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள்.

மாடு, ஆடு, பன்றி வளர்ப்போர்:

• ஒரே சமயத்தில் பல விலங்குகள் இருமினாலோ, தள்ளாடினாலோ, இறந்தாலோ அவற்றை விற்காதீர்கள். வேறு இடத்துக்கு ஓட்டிச் செல்லாதீர்கள், அறுத்துப் பங்கிடாதீர்கள்.
• அவற்றைக் கையாண்ட எவருக்காவது காய்ச்சலோ கடும் தலைவலியோ வந்தால், விலங்குகள் நோயுற்றிருந்ததை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

‘நம்மிடம் அந்த நோய் இல்லையே’ என்று நினைக்கலாம். தீபகற்ப மலேசியாவில் பல ஆண்டுகள் இல்லாதிருந்த வெறிநாய்க்கடி நோய் 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் மீண்டும் தோன்றியது. 2017இல் சரவாக்கிலும் பரவி உயிர்களைப் பறித்தது. ஆய்வுக்கூடம் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், அங்கு வந்து சேராத மாதிரியைச் சோதிக்க முடியாது. ஆகையால் சந்தேகத்துக்குரிய விலங்கு இறந்தால், மண்வெட்டியை எடுப்பதற்கு முன் தொலைபேசியை எடுங்கள்.