அன்றாட ஆகாரமும் சரீர சுகமும்



"சின்னப் புண்தான் ஐயா, செருப்புக் கடித்துவிட்டது" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் எங்கள் அறுவைச் சிகிச்சை வார்டில் எப்போதும் இருக்கிறார்கள். புண் சிறியதுதான். ஆனால் பல வருஷங்களாக இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தபடியால் காலில் உணர்ச்சி மரத்துப்போயிருக்கும். புண் இருப்பது தெரியவே பல நாட்கள் ஆகியிருக்கும். சிலர் ஒரு விரலை இழந்து வீடு திரும்புகிறார்கள், சிலர் பாதத்தையே. நீங்கள் மனமுவந்து அனுப்பும் காணிக்கையில் ஒரு பங்கு இவர்களுடைய மருந்துக்கும் கட்டுக்கும் போகிறது. கொஞ்சம் முன்னதாகவே அடுப்பங்கரையில் கவனமாயிருந்திருந்தால் இவர்களில் பலர் இந்த வார்டுக்கு வந்திருக்கவேண்டியதில்லை. ஆகையால் இந்த மாதப் பாடத்தை நம் சாப்பாட்டுத் தட்டைப் பற்றியே வைத்துக்கொள்வோம்.

2023-ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் தேசத்தில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்றும், அதன் வாசற்படியில் நிற்பவர்கள் 13 கோடிக்கு மேல் என்றும் கணக்கிட்டது. இது பணக்காரர் வியாதி என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் எங்கள் இலவசப் பிரிவை ஒரு நாள் வந்து பார்க்கலாம்.

அரிசியைக் குறித்து முதலில் சொல்லிவிடுகிறோம். அரிசி நம் சத்துரு அல்ல. 1918-இல் ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் குன்னூரில் ஒரே ஓர் அறையில் பெரி-பெரி என்ற வியாதியைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த அறைதான் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரோடு விளங்குகிறது. தவிட்டை முற்றிலும் நீக்கித் தீட்டிய பச்சரிசியை மட்டுமே நம்பி வாழ்ந்தவர்களுக்கு அந்த வியாதி வந்தது. புழுங்கலரிசி சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். நெல்லை உமியோடு அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள்ளேயே இறங்கிவிடுகிறது என்பதே காரணம். நம் பாட்டிமார் நெல் அவித்தது வீண்வேலை அல்ல.

அதே மக்காரிசன் இந்தியாவின் பல பகுதிகளின் ஆகாரத்தை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். முழுக்கோதுமை, பால், பருப்பு, பச்சைக் காய்கறி என்று சீக்கியர் உண்ணும் ஆகாரத்தைத் தின்ற எலிகள் நன்றாகக் கொழுத்து வளர்ந்தன. சென்னை மாகாணத்து ஆகாரத்தைத் தின்றவை கடைசி இடத்தில், மெலிந்து நின்றன. சோறு மிகுதி, மற்ற யாவும் கொஞ்சம் என்பதே அதிலிருந்த குறை. நூறு வருஷமாகியும் நம் தட்டு மாறவில்லை. மலைபோல் சோறு, அதன்மேல் குழம்பு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல்! அன்று அதனால் மெலிந்தோம்; வயலில் இறங்கி உழைப்பது நின்றுபோன பின்பு இன்று அதனாலேயே வயிறு பெருக்கிறோம்.

அந்த நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாள் கணக்குத் தரப்பட்டிருக்கிறது. சமைக்குமுன் நிறுத்த அளவில் அரிசி, கோதுமை, கேழ்வரகு எல்லாம் சேர்ந்து 250 கிராம்; காய்கறியும் கீரையும் 400 கிராம்; பழம் 100 கிராம்; பருப்பு, முட்டை, மீன், இறைச்சி வகையில் 85 கிராம். 250 கிராம் அரிசி என்பது ஏறக்குறைய ஒன்றரை டம்ளர். மூன்று வேளைக்கும் அவ்வளவே. இட்லி மாவிலுள்ள அரிசியும் இதில் அடங்கும் என்பதை மறக்கவேண்டாம்.

நிறுத்துப் பார்க்க எல்லாராலும் முடியாது. ஆகவே நாங்கள் வார்டில் சொல்லுகிற சுலபமான வழி இது. தட்டில் முதலாவது காயையும் கீரையையும் பரிமாறுங்கள். அது பாதித் தட்டை நிரப்பட்டும். மீதிப் பாதியில் சோறு ஒரு பங்கு, பருப்போ மீனோ முட்டையோ ஒரு பங்கு. காயைப் பாதிக்குமேல் சாப்பிட்ட பின்பு சோற்றில் கை வைத்தால், உணவுக்குப்பின் சர்க்கரை திடுமென்று ஏறுவதும் குறையும். உருளைக்கிழங்கும் மரவள்ளிக்கிழங்கும் இந்தக் கணக்கில் காய் அல்ல. அவை சோற்றின் கூட்டாளிகள்.

"சோற்றை விட்டுவிட்டேன், கேழ்வரகுக்கு மாறிவிட்டேன்" என்று பெருமையாய்ச் சொல்லுகிற சிலருக்கும் சர்க்கரை இறங்குவதில்லை. கேழ்வரகு நல்லதே. 100 கிராமில் 340 மில்லிகிராமுக்குக் குறையாத சுண்ணாம்புச்சத்து உண்டு. எலும்புக்கு அதைப்போன்ற தானியம் நம்மிடம் வேறில்லை. ஆனாலும் அது தானியம். மைபோல் அரைத்த மாவில் கஞ்சி காய்ச்சி இரண்டு செம்பு குடித்தால், சோறு ஏற்றுவதுபோலவே அதுவும் ஏற்றும். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் ஆகியவற்றுக்கும் இதே பதில்தான். நாளொன்றுக்கு நான்கு டம்ளர் தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி என்றால் 32 கிராம் சர்க்கரை ஆயிற்று. 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது. பழத்தைச் சாறாக்காமல் கடித்துச் சாப்பிடுங்கள்.

வீட்டிலே கடைசியாகச் சாப்பிடுகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இது எங்களுக்கு மிகவும் மனபாரமான காரியம். கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் மீனும் பொரியலும் போன பின்பு, சட்டியின் அடியில் மிஞ்சிய குழம்பும் சோறும் தாய்க்கு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை காணப்பட்டது. பிரசவ வார்டில் இரத்தம் தேடி ஓடுகிற இரவுகளுக்கு இதுவும் ஒரு காரணம். தாய் சாப்பிடாத குறையை மாத்திரை மட்டும் தீர்க்காது. எல்லாரும் ஒன்றாய் உட்கார்ந்து, இருப்பதைச் சமமாய்ப் பங்கிட்டுச் சாப்பிடுங்கள் என்று குடும்பத் தலைவர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம். முருங்கைக்கீரைக்கும் பயறுக்கும் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாய் உடலில் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அது தடைப்படும். ஒரு மணி நேரம் போகட்டும்.

உப்பும் எண்ணெயும் மளிகைக்கடைச் சீட்டிலேயே பிடிபட்டுவிடும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி, என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் மாதக் கடைசிக்குள் தீர்ந்தால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் உள்ளே போகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் தனி. எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும். பாக்கெட்டைப் பிரிக்கும் நாளை அதன்மேல் எழுதிவைத்தால் சண்டையில்லாமல் கணக்குத் தெரியும். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். இந்துப்பும் உப்புத்தான், அயோடின் சேர்க்காததுமாகும். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் கலந்திருப்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் வாங்கக்கூடாது. உப்பைக் குறைத்ததும் நாக்கு முறுமுறுக்கும். தானியேலும் தோழரும் கேட்டது பத்து நாள் தவணை. உப்பு விஷயத்தில் அது போதாது, நாக்கு பழகச் சில வாரங்கள் வேண்டும்.

உபவாச நாட்களைக் குறித்துப் போதகர்களும் கவனிக்கவேண்டும். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள், லெந்து காலத்திலும் பெரிய வெள்ளியன்றும் மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு பட்டினியிருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். மும்மணி ஆராதனையில் ஒருவர் வியர்த்து, நடுங்கி, பேச்சுத் தடுமாறினால் பக்திப் பரவசம் என்று எண்ணவேண்டாம். விழுங்கும் நிலையிலிருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். மருத்துவரைக் கேட்டு மருந்தின் அளவை மாற்றாமல் இவர்கள் உபவாசிக்கவேண்டாம் என்பதைப் பிரசங்க பீடத்திலிருந்தே அறிவியுங்கள். அதனால் பக்தி குறைந்துபோகாது.

வியாதியஸ்தரைப் பார்க்க வருகிறவர்களின் அன்பு எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த அன்பு பெரும்பாலும் பிஸ்கட், ரொட்டி, ஹார்லிக்ஸ் வடிவில் வருகிறது. எங்கள் வார்டில் ஒரு வயதான தாயார் தலையணைக்கடியில் ஏழு பிஸ்கட் பாக்கெட்டுகள் வைத்திருந்தார். "சபையார் ஆசையாய்க் கொடுத்தது ஐயா, வேண்டாமென்றால் வருத்தப்படுவார்களே" என்றார். காலையில் சர்க்கரை ஏன் ஏறுகிறது என்று தெரியாமல் மருத்துவர் மூன்று நாளாய் இன்சுலினைக் கூட்டிக்கொண்டிருந்தார்! சிறுநீரக வியாதியஸ்தருக்கு இளநீரும் வாழைப்பழமும்கூடக் கெடுதல் செய்யலாம், அவற்றில் பொட்டாசியம் மிகுதி. வாங்குமுன் வார்டு நர்ஸ் அம்மாவை ஒரு வார்த்தை கேளுங்கள். கூட வந்து தரையில் படுத்திருக்கும் மகளுக்கோ மருமகளுக்கோ ஒரு வேளைச் சாப்பாடு கொண்டுவந்தால் அதைவிட நல்லது ஒன்றுமில்லை.

சபை அசனத்தை நிறுத்தச் சொல்ல எங்களுக்கு மனமில்லை, நாங்களும் அதில் பந்திக்கு உட்காருகிறவர்களே. ஆட்டுக்கறியோடு ஒரு கீரைக்கூட்டும் வெள்ளரிக்காயும் இலையில் வரட்டும். கலர் பாட்டிலுக்குப் பதில் மோர் வரட்டும். ஆராதனை முடிந்து கொடுக்கும் தேநீரில் சர்க்கரையைத் தனியாய் வையுங்கள். பெண்கள் ஐக்கியத்தார் மனம்வைத்தால் பிஸ்கட் தட்டில் அவித்த கடலையும் சுண்டலும் வந்துவிடும், செலவும் அதிகமாகாது.

அறுப்பின் பண்டிகை முடிந்ததும் ஏலத்தில் போகாத காய்களைச் சில சபையார் எங்கள் சமையலறைக்கு அனுப்பிவருகிறார்கள். வாழைத்தண்டு, சுரைக்காய், பூசணி, முருங்கைக்கீரை எதுவானாலும் வார்டுக்கு உதவும். கீரையை மட்டும் அன்றைக்கே அனுப்பிவிட்டால் வாடாமல் மறுநாள் காலைச் சமையலுக்கு ஆகும்.