ஊரைப் படித்த பேராசிரியர்

சென்னையின் வடபாலுள்ள இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகியவை உழைப்பாளர் பெருகிய ஊர்கள். இராயபுரத்தில் 1856 ஆம் ஆண்டு இரயில் நிலையம் எழுந்தது; எண்ணூரில் 2001 ஆம் ஆண்டு புதிய துறைமுகம் இயங்கத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் இங்கு வந்து மூட்டை சுமந்தோரும் ஆலைகளில் உழைத்தோரும் மிகப் பலர். அவருட் பலர் உள்நாட்டுச் சிற்றூர்களினின்று வந்தவர். பிறந்த மண்ணைவிட்டு அவர்கள் பெயர்ந்தது எதனால்? நிலம் விளையாமையாலா? விளைந்தும் தமக்குரிய பங்கு கிட்டாமையாலா? இதற்கு விடை காணச் சிற்றூருக்கே செல்லுதல் வேண்டும். அவ்வாறு சென்ற முன்னோடிகளுள் ஒருவர் கில்பர்ட் சிலேட்டர்.

இவர் இங்கிலாந்தின் பிளிமத் என்னும் துறைமுக நகரில் 1864 இல் பிறந்தார். அந்நாட்டு உழவரின் பொதுநிலங்கள் வேலியிடப்பெற்றுத் தனியார் உடைமையான வரலாற்றை ஆராய்ந்து, 1907 இல் நூலாக்கினார். தொழிலாளர் கல்விக்கென ஆக்சுபோர்டில் அமைந்த இரசுக்கின் கல்லூரிக்குத் தலைவராக இருந்தார். 1915 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பொருளியற் பேராசிரியராக வந்து சேர்ந்தார்.

அந்நாளில் மாணவர் கற்ற பொருளியல் நூல்கள் மேனாட்டார் எழுதியவை. சிலேட்டரோ மாணவரிடம் வினாநிரல் ஒன்றைத் தந்து, சிற்றூர்களை ஆராயச் செய்தார். நிலம் யாருடையது? கூலி எவ்வளவு? கடன் எவ்வளவு? இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, வடமலைபுரம் முதலிய ஊர்களைப் பற்றிய செய்திகள் 1918 இல் நூலாக வெளிவந்தன.

இவற்றுள் இருவேல்பட்டு, அந்நாளைய தென்னார்க்காட்டைச் சேர்ந்தது. இன்று விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. அங்கு நிலம் ஒரு சில குடும்பங்களிடம் குவிந்திருந்தது. உழுதவர் படியாள்கள். படியால் அளந்த தானியமே கூலியாதலின் அப்பெயர் பெற்றனர். திருமணம் முதலிய செலவிற்கு நிலமுடையாரிடம் வாங்கிய கடனுக்காக ஒருவன் படியாளாவான். பெற்ற தானியம் வயிற்றுக்கே போதாது. கடனை எங்ஙனம் தீர்ப்பது? தீராதவரை வேறொருவரிடம் வேலைக்குப் போதலும் அரிது. அவன் பிறந்த சாதியும் அவனை ஊருக்குப் புறத்தே நிறுத்தியது. ஆண்டுதோறும் மழை பொய்யாது பெய்து, களம் நெல்லால் நிறைந்தாலும் இக்கட்டு அவிழுமோ? விளைச்சலை மட்டும் கணக்கிடுவோர் கண்ணுக்கு இக்கட்டுப் புலப்படாது.

சிலேட்டர் 1924 இல் திராவிடப் பண்பாடு குறித்தும் ஒரு நூல் எழுதினார். அதன் முடிவுகள் எல்லாம் ஏற்கத்தக்கன அல்ல. எனினும், கூலிக் கணக்குக் கேட்கப் புகுந்தவர் மக்களின் பழமையையும் கேட்டறிய முற்பட்டது நமக்கு உவப்பளிப்பதே.

அவர் தொடங்கிய பணி அவரோடு முடியவில்லை. பேராசிரியர்கள் பி. ஜே. தாமசும் கே. சி. இராமகிருட்டிணனும் அவ்வூர்களை மீண்டும் ஆராய்வித்து, 1940 இல் நூல் வெளியிட்டனர். சிலேட்டர் அதற்கு இரண்டாண்டு முன்னரே மறைந்துவிட்டார். இருவேல்பட்டு பின்னரும் பன்முறை ஆராயப்பெற்றது. 2008 இல் ஆய்வாளர் அங்குச் சென்றபோது, நிலமுடையாரின் பழைய பிடி தளர்ந்திருந்தது. உழைப்பாளர் பலர் வயலை விட்டுப் பிற தொழில்களுக்கும் வெளியூர்களுக்கும் சென்றுகொண்டிருந்தனர்.