கால்விரல் காய்ப்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

காரைக்கால் பகுதியின் கருக்களாச்சேரி போன்ற கடலோர ஊர்களில் கால்விரல் தோல் தடித்தால், "மணல்ல நடக்குற காலு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவார்கள். மாதக்கணக்கில் போகாமல் நின்றால்தான் காரணம் தேடுவார்கள். அப்போது சொல்லப்படும் காரணங்களில் பலவும் தவறு.

நம்பிக்கை: மீன்முள் குத்தி உள்ளே தங்கியதால் கால் ஆணி வந்தது; வேரோடு தோண்டினால் தீரும்.

உண்மை: ஆணிக்கு வேர் கிடையாது. ஒரே இடத்தில் அழுத்தமும் உராய்வும் விழுந்துகொண்டே இருந்தால், தோல் தன்னைக் காத்துக்கொள்ள மேலடுக்கைத் தடிப்பாக்குகிறது. அது நடுவில் கூம்பு போல உள்நோக்கி இறுகி அழுத்துவதால்தான் முள் இருப்பது போலக் குத்துகிறது. பிளேடால் சீவினாலும், எருக்கம்பால் விட்டாலும், அழுத்தம் போகாதவரை ஆணி திரும்ப வரும். காய்ப்பு இருக்கும் இடமே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். சுண்டுவிரலின் வெளிப்பக்கம் என்றால் செருப்பு வாரைப் பாருங்கள். விரல் மடங்கி அதன் மேல்கணு காய்த்திருந்தால், முன்பக்கம் குறுகிய ஷூவைச் சந்தேகப்படுங்கள். பெருவிரலின் ஓரம் என்றால், வலை இழுக்கும்போது எந்த விரலை ஊன்றுகிறீர்கள் என்று கவனியுங்கள்.

நம்பிக்கை: வலி இல்லையென்றால் பயமில்லை.

உண்மை: இருப்பதிலேயே ஆபத்தான நம்பிக்கை இதுதான். தொழுநோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், உணர்ச்சி மரத்த காலில் வலி தெரியாமல் விழும் அழுத்தமும் காயமுமே புண்ணாகி விரலைக் கெடுக்கின்றன என்று காட்டினார். அழுத்தத்தைக் குறைக்க எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர் செருப்புகள் வந்தன. அதே செருப்பைத்தான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் பரிந்துரைக்கிறார்கள். சர்க்கரையால் நரம்பு மரத்தவருக்குக் காய்ப்பின் அடியிலேயே ரத்தம் கசிந்து புண் உருவாகும். மேலே ஒன்றும் தெரியாது. ஆணிக்கு ஒட்டவென்று கடையில் கிடைக்கும் கார்ன் கேப்பில் சாலிசிலிக் அமிலம் இருக்கிறது. அது நல்ல தோலையும் அரிக்கும் என்பதால், சர்க்கரை உள்ளவர்கள் தாமாக ஒட்டிக்கொள்ளவே கூடாது.

நம்பிக்கை: நாள்பட்ட தடிப்பெல்லாம் ஆணிதான்.

உண்மை: இல்லை. கரும்புள்ளிகள் தெரிந்து, இருபக்கமும் சேர்த்துக் கிள்ளினால் வலித்தால் அது வைரஸால் வரும் மருவாக இருக்கலாம். இரண்டாம் விரல் பாதத்தோடு சேரும் இடத்தில், மேல்தோலைக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். தூக்க வராமல் கெட்டியாக இருந்தால் நிணநீர் வீக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். யானைக்கால் நோயும் அதற்கு ஒரு காரணம். கெட்ட தண்ணீரில் கால் வைப்பதால் யானைக்கால் வருவதில்லை. கொசு கடித்துப் பரவும் புழுவால் வருகிறது. அதனால்தான், 1975-இல் புதுச்சேரியில் அமைந்த நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1980-களில் அந்த நகரில் யானைக்காலைக் கட்டுப்படுத்தக் கொசுப் பெருக்கத்தைத் தடுக்கும் வேலையில் இறங்கியது.

அடுத்த முறை சர்க்கரை மாத்திரைக்காகக் காரைக்கால் அரசு மருத்துவமனைக்குப் போகும்போது, செருப்பைக் கழற்றி விரல்களையும் டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.