இழுக்கும் முன் தள்ளுங்கள்

வீட்டுக் கதவில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். தாழ்ப்பாள் போட்ட கதவை ஒரு கையால் திறக்கும் பக்கமாகப் பிடித்து இழுத்துக்கொண்டே, மறு கையால் தாழ்ப்பாளை நகர்த்துங்கள். அசையாது, அசைந்தாலும் கரகரவென்று அடம்பிடிக்கும். இப்போது கதவை மூடும் பக்கமாக லேசாகத் தள்ளிவிட்டு அதே தாழ்ப்பாளைத் தொடுங்கள். ஒரு விரலுக்கே நகர்ந்துவிடும்.

தாழ்ப்பாள் மாறவில்லை, உங்கள் விரலின் பலமும் மாறவில்லை. தாழ்ப்பாளும் அது நுழையும் துளையும் ஒன்றையொன்று அழுத்தும் விசைதான் மாறியது. உராய்வு விசை அந்த அழுத்தும் விசைக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அழுத்தம் போனால் உராய்வும் போகும். மோட்டார் சைக்கிளின் சாக்கெட்டிலிருந்து வயரை வெட்டாமல் வெளியே எடுக்கும் வித்தை இதற்குள்தான் இருக்கிறது.

பட்டறையில் சாக்கெட் என்று சொல்வது, பல வயர்களை ஓரிடத்தில் சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் பிளாஸ்டிக் பெட்டியை. முன்விளக்கின் பின்புறம், இருக்கைக்கு அடியில், பேட்டரியின் பக்கத்தில் என்று வண்டி முழுவதும் இருக்கும். அதன் ஒரு பாதியை மறு பாதியிலிருந்து பிரிப்பது சுலபம். வெளியே தெரியும் கொக்கியை அமுக்கினால் போதும். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் வயரையே தனியாக எடுக்க வேண்டிய நேரமும் வரும். பெட்டி உருகியிருக்கலாம். உள்ளே ஒரே ஒரு முனை மட்டும் கெட்டிருக்கலாம். அல்லது ஹேண்டில்பாரின் சின்ன ஓட்டை வழியாக வயரை நுழைக்க வேண்டியிருக்கும். வயர் நுழையும், பெட்டி நுழையாது. அப்போது பலரும் கட்டரை எடுத்து வெட்டிவிடுகிறார்கள். நானும் வெட்டியவன்தான்.

அப்போது எனக்கு 16 வயது. அப்பாவின் காப்சாயில் முன்விளக்குச் சாக்கெட் சூட்டில் பழுப்பேறி, ஒரு பக்கம் இளகிப் போயிருந்தது. வயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. மூன்று வயர்களையும் வெட்டி, புதுச் சாக்கெட்டின் வயர்களோடு முறுக்கி, கறுப்பு டேப் சுற்றினேன். விளக்கு எரிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மழைக்காலம் ஒன்று கடந்தது. வேலை முடிந்து நள்ளிரவில் வந்துகொண்டிருந்த அப்பாவுக்குச் செம்பனைத் தோட்டத்து வளைவில் விளக்கு அணைந்துவிட்டது. தெருவிளக்கு இல்லாத சாலை. பின்னால் வந்த லோரி கடைசி நேரத்தில் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனதாம். மீதி இரண்டு கிலோமீட்டரும் வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். மறுநாள் டேப்பைப் பிரித்தேன். உள்ளே செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. தொட்டதும் சில இழைகள் ஒடிந்து விழுந்தன.

என்ன நடந்தது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 வோல்ட்டில் எரியும் 35 வாட் இழை விளக்கு ஏறக்குறைய 2.9 ஆம்பியர் மின்னோட்டம் எடுக்கும். எரியும்போது அதன் மின்தடை சுமார் 4.1 ஓம். கெட்டுப்போன ஓர் இணைப்பு அதனோடு தொடராக 0.5 ஓம் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டம் 2.6 ஆம்பியராகும், விளக்குக்குக் கிடைப்பது 10.7 வோல்ட். 1.3 வோல்ட்தானே குறைந்தது என்று நினைக்கலாம். ஆனால் இழை விளக்கில் மின்னழுத்தம் கொஞ்சம் இறங்கினாலே வெளிச்சம் நிறைய இறங்கிவிடும். இங்கே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடுகிறது. காணாமல் போன 1.3 வோல்ட் எங்கே? அந்த இணைப்பில் 3.4 வாட் வெப்பமாக மாறுகிறது. சட்டைப் பொத்தான் அளவு இடத்தில், காற்றுப் புகாத டேப்புக்குள், அத்தனை வெப்பம். சூடு ஏற ஏறச் செம்பின் மேல் ஆக்சைடு படியும். ஆக்சைடு படியப் படிய மின்தடை கூடும். மின்தடை கூடினால் மேலும் சூடு. மலேசியாவில் 1992 முதல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கை எரியவிட்டே ஓட வேண்டும் என்பது சட்டம். ஆகவே வண்டி ஓடும் நேரமெல்லாம் அந்த இணைப்புக்கு ஓய்வே இல்லை.

பற்றவைத்திருந்தால் சரியாக இருந்திருக்குமே என்று கேட்பீர்கள். முறுக்கியதைவிட அது மேல்தான். ஆனால் ஈயம் உருகி வயரின் இழைகளுக்குள் ஊறும். ஊறிய இடம் குச்சியைப் போல விறைத்துவிடும். எஞ்சின் அதிர அதிர, விறைப்பு முடிந்து நெகிழ்வு தொடங்கும் இடத்திலேயே வயர் மறுபடி மறுபடி வளைந்து, ஒருநாள் ஒடியும். தொழிற்சாலையில் வயரின் நுனியில் முனையைப் பொருத்தும்போது பற்றவைப்பதே இல்லை. முனையின் பின்பக்கத்தில் இரண்டு ஜோடி உலோகக் காதுகள் இருக்கும். ஒரு ஜோடி செம்பு இழைகளைக் காற்று நுழைய இடமில்லாத அளவுக்கு இறுக்கி நசுக்கிப் பிடிக்கும். மற்ற ஜோடி வயரின் உறையைப் பிடித்து, இழுவையும் அதிர்வும் செம்புக்குப் போகாமல் தாங்கும். இவ்வளவு நல்ல இணைப்பை வெட்டி எறிந்துவிட்டு நாம் டேப் சுற்றுகிறோம்.

உள்ளே இருக்கும் நாக்கு

இனி பெட்டிக்குள் போவோம். பல மோட்டார் சைக்கிள்களில் காணப்படும் முன்விளக்குச் சாக்கெட்டின் முனை 6.3 மில்லிமீட்டர் அகலத் தகட்டுக்கானது. கால் அங்குலம் என்ற பழைய அளவிலிருந்து வந்த எண் அது. அதனால்தான் இப்படி ஒரு புள்ளிக்கணக்கு. அந்த முனையின் தட்டையான முதுகில், மூன்று பக்கம் வெட்டி லேசாக மேலே தூக்கிவிட்ட ஒரு சிறு நாக்கு இருக்கும். அதன் நுனி வயர் இருக்கும் திசையைப் பார்த்திருக்கும். பெட்டிக்குள் முனையைத் தள்ளும்போது சுவர் அந்த நாக்கை அமுக்கும்; முனை முழுவதும் உள்ளே போனதும் நாக்கு பிளாஸ்டிக்கில் உள்ள ஒரு படிக்குப் பின்னால் துள்ளி எழும். ‘டிக்’ என்று கேட்பது அந்தச் சத்தம்தான். தூண்டில் முள்ளைப் போல, போகும்போது வழிவிடும், வரும்போது மறிக்கும்.

இப்போது வயரைப் பிடித்து இழுத்தால் என்ன ஆகும்? நாக்கின் நுனி படியில் போய் முட்டும். பலமாக இழுக்க இழுக்க, நுனி படியை இன்னும் பலமாக அழுத்தும். நீங்கள் எவ்வளவு மெல்லிய கருவியை உள்ளே விட்டு நாக்கை அமுக்கினாலும், உராய்வு அதை இறங்கவிடாது. கதவை இழுத்துக்கொண்டே தாழ்ப்பாளை நகர்த்தும் அதே நிலைமை. பட்டறையில் பலர் திணறுவது இந்த இடத்தில்தான். கருவி சரியில்லை என்று நினைத்து இன்னும் பலமாக இழுப்பார்கள். கடைசியில் வயர் முனையிலிருந்து பிய்ந்து வரும்.

ஆகவே முதலில் வயரைப் பெட்டிக்குள் தள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர்கூட வேண்டாம், அதில் பாதி நகர்ந்தாலே நாக்கு படியை விட்டு விலகிவிடும். தள்ளிப் பிடித்தபடியே, பெட்டியின் முகப்பிலிருந்து, அதாவது மறு பாதி வந்து சேரும் பக்கத்திலிருந்து, மெல்லிய தட்டையான கருவியை முனையின் முதுகுக்கும் பிளாஸ்டிக் சுவருக்கும் நடுவே நுழையுங்கள். நாக்கு அமுங்குவது விரலுக்குத் தெரியும். கருவியை அங்கேயே வைத்துக்கொண்டு, வயரை மெதுவாகப் பின்னால் இழுங்கள். வழுக்கிக்கொண்டு வரும். வரவில்லை என்றால் இழுப்பதை நிறுத்திவிட்டு, மறுபடி தள்ளுவதிலிருந்து தொடங்குங்கள்.

என்ன கருவி? இதற்கென்றே விற்கும் கருவி உண்டு. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். நான் பார்த்த பட்டறைக்காரர் ஒருவருக்கு அது பழைய குடையின் கம்பி. நுனியைத் தட்டித் தட்டையாக்கி, அரம் போட்டு வைத்திருந்தார். கடிகாரத் திருப்புளியில் மெல்லியதும் சரிவரும். காகிதக் கிளிப் வேண்டாம், வளைந்துவிடும். தையல் ஊசியும் வேண்டாம். கூரான நுனி பிளாஸ்டிக்கில் குத்தி நிற்கும், வழுக்கினால் உங்கள் விரலில் நிற்கும்.

நாக்கை அமுக்க அதிக பலம் தேவையில்லை. ஒரு முனை பொருத்தப்பட்டு மறுமுனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டின் விறைப்பு, அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகும். இந்த நாக்கு மெல்லிய பித்தளைத் தகடு. ஆனால் ஹூக் விதிக்கு எல்லை உண்டு என்பதை மறக்க வேண்டாம். மீள்தன்மை எல்லையைத் தாண்டி அமுக்கினால் நாக்கு படுத்தே கிடக்கும். அதே முனையைத் திரும்பப் பொருத்தும் முன், கத்தி நுனியால் நாக்கை ஒருமுறை மட்டும் மெல்லத் தூக்கிவிடுங்கள். மேலும் கீழுமாகப் பலமுறை வளைத்தால் உலோகம் களைத்து ஒடிந்துவிடும்.

எல்லாச் சாக்கெட்டும் இப்படி இல்லை. தண்ணீர் புகாத சாக்கெட்டுகளில், வயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கும். அவற்றில் பெரும்பாலும் நாக்கு முனையில் இல்லை, பெட்டியின் பிளாஸ்டிக்கிலேயே விரல் போல நீண்டிருக்கும். அதை அமுக்கக் கூடாது. முனையை விட்டு அப்பால் நெம்ப வேண்டும். அதற்கும் முன்னால் இன்னொரு பூட்டைத் திறக்க வேண்டியிருக்கலாம். முகப்பிலோ பக்கத்திலோ, பல நேரம் வேறு நிறத்தில், ஒரு சிறு துண்டு செருகியிருக்கும். அது இருக்கும்வரை உள்ளே இருக்கும் விரல்கள் அசைய இடமே கிடையாது. எஞ்சின் சூட்டில் பல வருடம் கிடந்த பிளாஸ்டிக் மொறுமொறுவென்று ஆகியிருக்கும். கூந்தல் உலர்த்தியால் சற்று நேரம் சூடுகாட்டினால் கொஞ்சம் இளகும்.

கண்ணாடி விளையாட்டு

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியைக் கழற்ற வேண்டும், அதுவும் எதிர்முனையை முதலில். வண்டியின் இரும்புச் சட்டகம் முழுவதும் எதிர்முனையோடு சேர்ந்திருக்கிறது. நேர்முனையை முதலில் திருகினால், ஸ்பேனரின் மறுபக்கம் சட்டகத்தில் பட்ட நொடியில் குறுஞ்சுற்று ஏற்பட்டுத் தீப்பொறி பறக்கும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். மின்சார மோட்டார் சைக்கிளாக இருந்தால் அதன் பெரிய பேட்டரிச் சாக்கெட்டுகளைத் தொடவே வேண்டாம். அங்கே இருப்பது 12 வோல்ட் அல்ல.

அடுத்து, கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு பக்கமும். முகப்பிலிருந்து பார்க்கும்போது இடது ஓரத்தில் இருக்கும் வயர், பின்னாலிருந்து பார்க்கும்போது வலது ஓரத்தில் இருக்கும். இதை மறந்து மாற்றிச் செருகுகிறவர்கள் ஏராளம். முன்விளக்கு என்றால் விளைவு வேடிக்கையாக இருக்கும். இரண்டு இழைகள் உள்ள விளக்கில் தாழ்வொளிக்கு ஒரு வயர், உயர்வொளிக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவான எதிர்முனை ஒன்று. தாழ்வொளி வயரையும் பொது வயரையும் மாற்றிச் செருகிவிட்டீர்கள் என்று கொள்வோம். தாழ்வொளி வழக்கம்போல் எரியும். நீங்களும் நிம்மதியாக இருப்பீர்கள். உயர்வொளிக்கு மாற்றும்போதுதான் இரண்டு இழைகளும் சேர்ந்து மங்கலாக எரியும். ஏன் என்று சுற்றுப்படம் வரைந்து பாருங்கள். இரண்டு இழைகளும் தொடரிணைப்பில் வந்துவிட்டன. சம அளவு இழைகளாக இருந்தால் 12 வோல்ட்டை ஆளுக்கு 6 ஆகப் பங்கிட்டுக்கொள்கின்றன.

திரும்பப் பொருத்தும்போது ‘டிக்’ சத்தம் கேட்டால் மட்டும் நம்பிவிடாதீர்கள். வயரை மெதுவாக ஒருமுறை பின்னால் இழுத்துப் பாருங்கள். நாக்கு சரியாக எழாத முனை, பெட்டியின் இரு பாதிகளையும் சேர்க்கும்போது பின்வாங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். குழியில் வண்டி குலுங்கும்போது மட்டும் விளக்கு சிமிட்டும்.

அப்பாவின் வண்டியில் பழக வேண்டாம். பக்கத்துப் பட்டறையில் கேட்டால், வெட்டிப் போட்ட பழைய சாக்கெட்டுகள் சும்மாவே கிடைக்கும். நாலைந்து வாங்கி வந்து கைவிளக்கு வெளிச்சத்தில் முகப்பை உற்றுப் பாருங்கள். சிலவற்றில் பிளாஸ்டிக் விரல் தெரியும். சிலவற்றில் முனையின் முதுகில் வெறும் இடுக்கு மட்டும் தெரியும், நாக்கு அதன் பின்னால் ஒளிந்திருக்கும். எது எந்த வகை என்று கண்டுபிடித்த பிறகே கருவியை உள்ளே விடுங்கள்.